சென்னையில் ஒரு டிரையத்லான் பயிற்சிக் குழு: ஒரு பருவம் முழுவதும் பயின்ற பிறகு எழுதும் மதிப்புரை

தென் சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் பகுதிகளை மையமாகக் கொண்டு இயங்கும் ஒரு சிறிய டிரையத்லான் பயிற்சிக் குழுவில், ஏப்ரல் தொடங்கி கோவா பந்தயம் முடியும் வரை ஒரு முழுப் பருவம் பயிற்சி பெற்றேன். அலுவலகமோ பெயர்ப்பலகையோ விளம்பரமோ இல்லாமல், ஒருவர் சொல்லி இன்னொருவர் சேர்வதாகவே வளர்ந்த குழு இது. பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று தலைமைப் பயிற்சியாளர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறேன். மாதக் கட்டணம் 6,000 ரூபாய். நீச்சல் குளத்தின் நுழைவுக் கட்டணம், சைக்கிள் பராமரிப்பு, பந்தயப் பதிவு எல்லாம் தனி. சேர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வங்கிகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் முழுநேர வேலை பார்ப்பவர்கள். ஆகவே, குழுவை மதிப்பிடும்போது நான் முதன்மையாகப் பார்த்தது ஒன்றைத்தான்: வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிடாமல் பயிற்சிக்கு வரும் ஒருவருக்கு, அவருக்குப் பொருந்தும் இலக்கை வகுத்துக் கொடுக்க இவர்களுக்குத் தெரிகிறதா என்பது. நன்றாகத் தெரிகிறது. அந்த வேலையை இவ்வளவு பொறுப்போடு செய்யும் பயிற்சியாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நீச்சல் பயிற்சியில் மட்டும் குறை இருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகத் தூரங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிப்பதே டிரையத்லான். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற போட்டியின் தூரம் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். இதில் பாதி ஸ்பிரின்ட் தூரம். 1978இல் ஹவாயில் தொடங்கிய அயர்ன்மேன் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு ஒரு முழு மாரத்தான். அதில் சரிபாதி, அதாவது 1.9, 90, 21.1 கிலோமீட்டர் கொண்டது 70.3 எனப்படும் போட்டி. மொத்தத் தூரத்தை மைலில் சொன்னால் வரும் எண் அது. 2019இல் கோவாவின் மிராமர் கடற்கரையில் இந்தப் போட்டி முதன்முதலாக நடந்த பிறகு, சென்னையில் டிரையத்லான் பழகுவோர் பலரின் கண்ணும் அதன் மேல்தான் இருக்கிறது. மொத்தக் கெடு 8 மணி 30 நிமிடம். நீச்சலை 1 மணி 10 நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

குழுவில் சேர்வதற்கு ஈசிஜி உட்பட மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். அதன் பிறகு ஒரு படிவம் தருகிறார்கள். அதில் எந்தப் பந்தயம், எவ்வளவு நேரத்தில் முடிக்க ஆசை என்ற கேள்விகள் கடைசியில்தான் வருகின்றன. வாரத்தில் எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும், இரவு எத்தனை மணிக்குத் தூங்க முடிகிறது, வீட்டில் சிறு குழந்தைகளோ முதியோரோ இருக்கிறார்களா, முன்பு பட்ட காயங்கள் எவை என்பவையே முதல் பக்கம் முழுக்க. முதல் இரண்டு வாரங்கள் சோதனைகள். குளத்தில் 400 மீட்டரும் 200 மீட்டரும் முழு வேகத்தில் நீந்த வைத்து, இரண்டு நேரங்களின் வித்தியாசத்தைப் பாதியாக்கி, 100 மீட்டருக்கு ஒருவர் நீடித்துத் தாங்கக்கூடிய வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். ஓட்டத்துக்கு, 30 நிமிடம் தனியாக முழு முயற்சியோடு ஓடச் சொல்லி, கடைசி 20 நிமிடத்தின் சராசரி இதயத் துடிப்பை வரம்பாக எடுத்துக்கொள்கிறார்கள். சைக்கிளில் மிதிக்கும் விசையை அளக்கும் பவர் மீட்டர் வைத்திருப்பவர்கள் குழுவில் சிலரே என்பதால், மற்றவர்களுக்கு அங்கேயும் இதயத் துடிப்புதான் அளவுகோல். விலை உயர்ந்த கருவி வாங்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதது எனக்குப் பிடித்திருந்தது. சாதாரண இதயத் துடிப்புப் பட்டையும் பழைய கார்மின் கைக்கடிகாரமும் போதும் என்கிறார்கள்.

சோதனைகள் முடிந்ததும் ஒவ்வொருவரோடும் பயிற்சியாளர் தனியாக உட்கார்ந்து பேசுகிறார். விரும்பினால் மற்றவர்களும் அருகில் இருந்து கேட்கலாம். அப்படி நான் கேட்ட ஒரு பேச்சை அப்படியே சொன்னால் இவர்களுடைய முறை புரியும். சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும், இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையான ஒருவர், கோவாவை 6 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். பயிற்சியாளர் அதை மறுக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. ஒரு தாளை எடுத்து அவரிடமே பேனாவைக் கொடுத்தார்.

“400 மீட்டருக்கு எவ்வளவு வந்தது?”

“9 நிமிடம் 40 விநாடி, கோச். 200க்கு 4 நிமிடம் 36.”

“அப்படியானால் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 32 விநாடி. கடலில் அலையும் கூட்டமும் இருக்கும், 2.40 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.9 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது, நீங்களே போடுங்கள்.”

50 நிமிடம் 40 விநாடி என்று வந்தது. சைக்கிளில் அப்போதைய நிலையில் 90 கிலோமீட்டருக்கு மணிக்கு 27 கிலோமீட்டர் வேகம் தாங்கும் என்றால் 3 மணி 20 நிமிடம். சைக்கிளில் களைத்த பிறகு ஓடும் அரை மாரத்தானைக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று போட்டால் 2 மணி 28 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. உடை மாற்றுவதற்கும் சைக்கிளை எடுப்பதற்குமான இரண்டு இடைவெளிகளுக்கும் சேர்த்து 10 நிமிடம். கூட்டினால் ஏறத்தாழ 6 மணி 48 நிமிடம். 48 நிமிடத்தைக் குறைக்க எங்கே இடம் இருக்கிறது என்று பயிற்சியாளர் கேட்டார். நீச்சலில் கடுமையாக உழைத்தாலும் இந்தப் பருவத்தில் 4, 5 நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. சைக்கிளில் மணிக்கு 2 கிலோமீட்டர் வேகம் கூடினால் 14 நிமிடம் கிடைக்கும். ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 30 விநாடி குறைந்தால் 10 நிமிடத்துக்குச் சற்று மேல். எல்லாமே கைகூடினாலும் 6 மணி 20 நிமிடத்துக்குக் கீழே போவது கடினம் என்பதை அவரே தாளில் எழுதினார். வாரத்துக்கு 8 மணி நேரம்தான் அவரால் ஒதுக்க முடியும் என்பது படிவத்தில் இருந்தது. “உங்கள் 6 மணி நேரத்தை நான் அடித்துவிடவில்லை. அதற்குப் பக்கத்தில் அடுத்த ஆண்டைப் போடுங்கள்” என்றார் பயிற்சியாளர்.

நான் மிகவும் மதிப்பது இந்த அணுகுமுறையைத்தான். ஆசையைக் கேலி செய்யாமல், அதே நேரத்தில் அதற்கு விலை என்ன என்பதை ஒருவர் தன் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கும்படி செய்கிறார். ஊக்கமூட்டும் வாசகங்களைக் குழுவின் வாட்ஸ்அப்பில் தினமும் அனுப்பி, எல்லோரையும் ஒரே பந்தயத்தை நோக்கித் தள்ளும் பயிற்சி முறைகளைப் பார்த்திருப்பவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது தெரியும். 1 கிலோமீட்டரை நிற்காமல் நீந்த முடியாதவர்களை முதல் ஆண்டில் 70.3க்கு அனுப்ப இவர் சம்மதிப்பதே இல்லை. அப்படி ஒரு சில நூறு மீட்டரிலேயே திணறிய ஒருவர், பதிவுக் கட்டணம் கட்டிவிட்டேன் என்று சொல்லியும், அவருக்கு அந்த ஆண்டு ஸ்பிரின்ட் தூரத் திட்டமே தரப்பட்டது. பணத்தைவிடக் கடலுக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்ற அந்த முடிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இலக்கு மூன்று அடுக்குகளாக எழுதப்படுகிறது. கெடுவுக்குள் நல்ல உடல்நிலையோடு முடிப்பது முதல் அடுக்கு. கணக்குப் போட்டு வந்த நேரம் இரண்டாவது. மூன்றாவது அடுக்கில் இருப்பவை முழுக்க முழுக்க நம் கையில் இருப்பவை: வாரத்தில் ஒப்புக்கொண்ட நீச்சல்களைத் தவறவிடாமல் இருப்பது, சைக்கிளில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை சாப்பிடுவது, முதல் 30 கிலோமீட்டரில் குறித்த இதயத் துடிப்பைத் தாண்டாமல் இருப்பது, ஓட்டத்தின் முதல் 3 கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுவது. காற்றும் வெயிலும் அலையும் இரண்டாவது அடுக்கைக் கலைத்துவிடக்கூடும்; மூன்றாவது அடுக்கை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. எட்டு வாரத்துக்கு ஒரு முறை சோதனைகளைத் திரும்ப நடத்தி, இரண்டாவது அடுக்கில் உள்ள எண்ணை ஏற்றவோ இறக்கவோ செய்கிறார்கள். காய்ச்சல், அலுவலகப் பயணம், குழந்தையின் தேர்வு ஆகியவற்றால் எண் இறங்கியபோதும் யாரும் குழுவின் முன் கூச்சப்படும் நிலை வரவில்லை.

வாராந்திரப் பயிற்சி, மூன்று வாரம் ஏற்றம், நான்காவது வாரம் தளர்வு என்ற வழக்கமான அமைப்பில்தான் நடக்கிறது. பயிற்சி நேரத்தில் பெரும் பகுதி எளிதான வேகத்திலும் மிகச் சிறிய பகுதி மட்டும் கடினமான வேகத்திலும் இருக்க வேண்டும் என்பது ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் பிரபலப்படுத்திய 80க்கு 20 என்ற விகிதம். அதை இவர்கள் கண்டிப்போடு பின்பற்றுகிறார்கள். எளிதான ஓட்டம் என்றால் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிச் சொற்கள் உடைந்தால் நடக்கச் சொல்லிவிடுகிறார்கள். ஏற்கனவே மாரத்தான் ஓடியவர்களுக்கு இது தொடக்கத்தில் பொறுமையைச் சோதிக்கிறது. ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் நடுத்தர வேகத்திலேயே எல்லா நாளும் ஓடி, கடினமான நாளில் கடினமாகவும் ஓட முடியாமல் எளிதான நாளில் ஓய்வும் கிடைக்காமல் காயப்படுவதே வழக்கமாக நடப்பது. அதற்கு இதைவிடச் சிறந்த தடுப்பு எனக்குத் தெரியவில்லை.

சென்னையின் கோடையைப் பயிற்சித் திட்டத்தின் மையத்தில் வைத்திருப்பது இன்னொரு சிறப்பு. கத்திரி வெயில் காலத்தில் காலை 4.30 மணிக்கே தொடங்கினாலும், காற்றில் இருக்கும் ஈரத்தால் வியர்வை உலராமல் சொட்டுகிறது; உடல் குளிர்வதே இல்லை. அதனால் அந்த வாரங்களில் வேகத்தைக் கணக்கில் எடுக்காமல் இதயத் துடிப்பை மட்டுமே பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வைத்து, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வியர்க்கிறது என்று கணக்கிடுகிறார்கள். 1 கிலோ குறைந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று பொருள், இடையில் குடித்த தண்ணீரையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கேற்ப உப்பும் தண்ணீரும் வகுக்கப்படுகின்றன. வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதைப் பொறுமையாக விளக்கினார்கள். சாப்பாட்டு விஷயத்திலும் வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகளைத் திணிப்பதில்லை. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பதே குறிக்கோள்; வாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய், உப்புப் போட்ட சோற்று உருண்டை என ஒவ்வொன்றையும் நீண்ட சைக்கிள் பயணங்களில் சாப்பிட்டுப் பார்த்து, எது வயிற்றில் தங்குகிறது என்று குறித்து வைக்கச் சொல்கிறார்கள். கடலை மிட்டாய் ஓய்வில் நன்றாக இருந்தாலும், மூச்சு வாங்கும்போது மென்று விழுங்குவது சிரமம் என்பது எனக்குத் தெரிய வந்தது. பேரீச்சையைக் கொட்டை நீக்கி, சிறிது உப்புத் தொட்டு வைத்துக்கொள்வதே எனக்கு ஒத்துவந்தது.

சைக்கிள் பயிற்சி முழுவதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் என்பதால், பந்தயத் தூரம் அப்படியே வீட்டு வாசலில் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சாலை தட்டையானது. முட்டுக்காடு பாலம்தான் அதன் பெரிய ஏற்றம். கோவாவின் ஏற்ற இறக்கங்களுக்கு அது போதாது என்பதால், பருவத்தின் நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரி மலைப்பாதைக்குக் குழுவாக அழைத்துப் போனார்கள். கியர் மாற்றுவதையும் இறக்கத்தில் பிரேக் பிடிப்பதையும் அங்கேதான் ஒழுங்காகக் கற்றேன். வயதுப் பிரிவினருக்கான 70.3 பந்தயத்தில் முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போவது விதிமீறல் என்பதால், கூட்டமாகப் போகும் பயணங்களிலும் ஒரு பகுதியை 12 மீட்டர் இடைவெளி விட்டுத் தனியாக மிதிக்கச் சொல்கிறார்கள். கூட்டத்தில் கிடைக்கும் வேகத்தைத் தன் வேகமென்று நம்பி இலக்கு வகுப்பவர்களுக்கு இது அவசியமான பயிற்சி. லாரிகள் வேகமாகப் போகும் சாலை என்பதால் பின்னால் ஒரு வாகனம் வருகிறது. முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

பெண்களுக்கான ஏற்பாடுகளையும் குறிப்பிட வேண்டும். துணைப் பயிற்சியாளர் ஒரு பெண். மாதவிடாய் நாட்களுக்கேற்பப் பயிற்சியை மாற்றிக்கொள்வது அங்கே இயல்பான பேச்சாக இருக்கிறது. இருட்டில் தொடங்கும் ஓட்டங்களுக்கு யாரும் தனியாக வர வேண்டியதில்லாதபடி இருவர் இருவராகச் சேர்த்துவிடுகிறார்கள். குழுவில் ஒரு அக்கா, மகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரத்தில்தான் பயிற்சியைத் தொடங்கினார். அவருக்காகத் திட்டத்தைத் தனியாக எழுதிக் கொடுத்தார்கள்.

இனி நீச்சல். இவர்கள் பயன்படுத்தும் 50 மீட்டர் குளத்தில், காலை நேரத்தில் குழுவுக்குக் கிடைப்பவை இரண்டு தடங்கள் மட்டுமே. ஒரே தடத்தில் ஏழெட்டுப் பேர் சுற்றி வரும்போது, மெதுவாக நீந்துபவர்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றே பாதி நேரத்தைக் கழிக்கிறார்கள். கையசைவை நீருக்கடியில் படம் பிடித்துக் காட்டித் திருத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். பருவம் முழுவதிலும் அது ஒரே முறைதான் நடந்தது. டிரையத்லானில் பெரியவர்களான பிறகு சேர்பவர்களுக்கு நீச்சலே பெரிய தடை. அதில் உழைப்பைவிட நுட்பம்தான் நேரத்தைக் குறைக்கும். ஓட்டத்திலும் சைக்கிளிலும் காட்டும் அக்கறையில் பாதியையாவது இங்கே காட்டியிருக்க வேண்டும். எங்கள் தடத்தில் பலர் முதல் சோதனைக்கும் கடைசிச் சோதனைக்கும் இடையில் 100 மீட்டருக்கு மிகச் சில விநாடிகளே முன்னேறினார்கள் என்பதைப் பயிற்சியாளரிடமே சொன்னேன். அடுத்த பருவத்தில் நீச்சலுக்கென்று தனிப் பயிற்சியாளர் ஒருவரைச் சேர்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதை நடந்த பிறகுதான் பாராட்ட முடியும்.

கடல் நீச்சலில் மட்டும் இந்தக் குறை தெரியவில்லை. மெரினாவின் ஆழமும் இழுப்பும் உயிர்களைப் பறிப்பவை என்பதால் குழுவில் யாரும் அங்கே இறங்குவதில்லை. கோவளத்தில், மீனவர் ஒருவரின் படகு துணைக்கு வர, ஆரஞ்சு நிற மிதவையை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்துகிறோம். இறங்கலாமா கூடாதா என்பதில் அந்த மீனவர் சொல்வதே முடிவு; பயிற்சியாளர் அதில் தலையிடுவதில்லை. நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்த்து வன்னி, தெண்டி என்று மீனவர்கள் நீரோட்டங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களால் பிரித்துச் சொல்லி, இன்றைக்கு எந்தத் திசையில் தொடங்கினால் திரும்பும்போது நீரோட்டம் நமக்குத் துணையாக இருக்கும் என்று அவர் சொல்வது எந்தச் செயலியிலும் கிடைக்காத அறிவு. சொறி எனப்படும் ஜெல்லி மீன்கள் நிறைய வந்திருக்கும் நாட்களில் கரையிலேயே நிறுத்திவிடுவார். ஒவ்வொரு பத்துக் கையசைவுக்கும் ஒரு முறை தலையைத் தூக்கிக் கரையில் ஒரு அடையாளத்தைப் பார்த்துத் திசையைச் சரிசெய்யும் பழக்கம் இங்கேதான் கைவந்தது.

வேறு சில குறைகள். உடல் வலுவுக்கான பயிற்சியை ஒரு பிடிஎஃப் கோப்பாக அனுப்பிவிட்டு, செய்கிறோமா என்று யாரும் பார்ப்பதில்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது போதாது. வாராந்திரத் திட்டம் செயலியில் முழுக்க ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் வருவதால், ஆங்கிலம் பழக்கமில்லாத இரண்டு உறுப்பினர்கள் தினமும் யாரையாவது கேட்டுத்தான் புரிந்துகொண்டார்கள். நேரில் தமிழில் இவ்வளவு தெளிவாக விளக்கும் பயிற்சியாளர் அதையே தமிழில் எழுதித் தருவதில் என்ன தடை என்று தெரியவில்லை. இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியர் ஒருவருக்குத் திட்டத்தை மாற்றிக் கொடுப்பதில் தாமதம் ஏற்பட்டு, அவர் பாதியிலேயே நின்றுவிட்டார். இடைக்கால இலக்காக வைத்துக்கொள்ளப் பக்கத்திலேயே போதுமான சிறு பந்தயங்கள் இல்லாததற்கு இவர்களைக் குறை சொல்ல முடியாது. அதற்கு மாற்றாக, குளத்தில் 750 மீட்டர், சாலையில் 20 கிலோமீட்டர், ஓட்டத்தில் 5 கிலோமீட்டர் என்று தாங்களே நேரம் குறித்து ஒரு சோதனை ஓட்டம் நடத்தினார்கள். ஈரக் காலோடு காலணி மாட்டுவது, ஹெல்மெட் பட்டையைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொடுவது ஆகியவற்றை அன்றைக்குத்தான் உடம்பு கற்றுக்கொண்டது.

6 மணி நேரக் கனவோடு வந்த அந்த நண்பர் கோவாவில் 6 மணி 41 நிமிடத்தில் முடித்தார். இரண்டாவது சோதனைக்குப் பிறகு அவருடைய தாளில் எழுதப்பட்டிருந்தது 6 மணி 35. ஓட்டத்தின் கடைசி 7 கிலோமீட்டரில் வெயில் அவரை நடக்க வைத்தது. மூன்றாவது அடுக்கில் எழுதியவை எல்லாவற்றையும் செய்திருந்தார். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அதைத்தான் முதலில் பயிற்சியாளரிடம் சொன்னார். குழுவிலிருந்து போனவர்களில் கெடுவுக்குள் முடிக்காதவர் யாரும் இல்லை. தகுதி வராதவர்களை முன்கூட்டியே நிறுத்திவைத்ததற்கு அதில் பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே இதைச் சொல்ல வேண்டும்.

ஓட்டமோ சைக்கிளோ ஓரளவு பழகி, அடுத்த படியாக மூன்றையும் சேர்த்துச் செய்ய விரும்பும், வாரத்துக்கு 7 முதல் 9 மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்களுக்கு இந்தக் குழுவைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஏற்கனவே வேகமாக இருந்து, மேடை ஏறுவதையே நோக்கமாகக் கொண்டவர்களுக்கு இது மெதுவாகத் தோன்றலாம். அடுத்த பருவத்துக்கான சேர்க்கை பிப்ரவரியில் தொடங்குகிறது, சோதனைகள் மார்ச் கடைசியில். நீச்சலே தெரியாதவர்கள் அதுவரை காத்திருக்காமல், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள குளத்தில் ஒரு நல்ல ஆசிரியரிடம் இப்போதே சேர்ந்து, 200 மீட்டராவது நிற்காமல் நீந்தப் பழகிக்கொண்டு வருவது நல்லது. அந்தப் பகுதியை இந்தக் குழு இன்னும் அவர்களுக்குக் கற்றுத் தரும் நிலையில் இல்லை.